ஏழு கண் பாலமும் பதின்மூன்று கண் பாலமும்

செங்கோட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ ஜெர்மனியிலிருந்து போனில் ஒன்றேகால் மணி நேரம் பேசினாய். "சாப்பிட்டேன், தூங்கப் போகிறேன்" என்று இரண்டே வாக்கியத்தில் வைத்துவிடுகிற பிள்ளை! நீ வைத்த பிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை. வாட்ஸ்அப்பில் தட்டினால் எழுத்துப் பிழை வருகிறது. முப்பது வருஷம் சிவப்பு மையால் ஊரார் பிள்ளைகளைத் திருத்தியவளுக்கு அது அவமானம். அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

முதலில் என் தப்பை ஒத்துக்கொள்கிறேன். "முன்பின் பழகாத பதினோரு பேரோடு மலையேற்றம் எதற்கு? அறையில் இருந்து படி" என்று வெள்ளிக்கிழமை சொன்னது நான்தான். உனக்கும் மனமில்லை, பெயர் கொடுத்துவிட்டோமே என்றுதான் கிளம்பினாய். நல்லவேளை, அம்மா பேச்சைக் கேட்கவில்லை.

டிரெஸ்டனில் ரயில் ஏறியது, ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, ஆளுக்கொரு போனில் தலையைக் கவிழ்த்திருந்தது வரை உன் கதை எனக்கும் அலுப்பாகத்தான் இருந்தது. ராத்தனில் இறங்கிப் படகு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எஞ்சினும் இல்லை, துடுப்பும் இல்லை. எல்பே ஆற்றில் தண்ணீர் வரும் திசையில் நங்கூரமிட்ட நீள வடத்தில் படகைக் கட்டியிருக்கிறார்கள், சற்றுச் சாய்த்துப் பிடித்தால் ஓடும் தண்ணீரே அக்கரைக்குத் தள்ளிவிடுகிறது என்றாய். அப்பா நம்பவில்லை. இன்று காலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்புற வாய்க்காலில் இறங்கிவிட்டார். ஒரு தென்னை மட்டைத் துண்டு, அதன் இரு முனையிலும் கயிறு, இரண்டையும் சேர்த்து மேலே ஒரு முளைக்குச்சியில் முடிச்சு. மட்டை நடுவாய்க்காலில் சும்மா கிடந்து ஆடியது. அக்கரைப் பக்கத்துக் கயிற்றை நாலு விரற்கடை குறுக்கினார். மட்டை மெல்ல நகர்ந்து, எதிர்க்கரைக் கோரையில் போய் முட்டி நின்றது. எதிர் வீட்டுப் பையன்கள் கை தட்டினார்கள். உன் அப்பாவும் சேர்ந்து தட்டினார்.

பாஸ்டை பாலத்தின் படத்தை ஆச்சிக்குக் காட்டினேன். ஆற்றுக்கு மேலே 194 மீட்டர் உயரத்தில், மணற்பாறைத் தூண்களுக்கு நடுவே ஏழு கண் வைத்து 1851-இல் கட்டியது என்று நீ சொன்னதையும் சொன்னேன். ஆச்சி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எண்ணினாள். "ஏழுதானா? நம்ம ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் பதின்மூன்று இருக்கிறதே!" 1904-இல் ரயிலுக்காகக் கட்டிய பாலம் அது, அதன் மேல் இன்றும் ரயில் ஓடுகிறது, உன் பாலத்தில் நடக்கத்தான் முடியும். ஆனாலும் பனி விலகி, கீழே ஆறு வளைந்து தெரிந்தபோது பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயடைத்து நின்றோம் என்றாயே, அந்த இடத்தில் எனக்கும் கொஞ்சம் பொறாமை வந்தது.

அப்புறம் அந்தக் கேரளத்துப் புனலூர்ப் பையன். பாறை மேல் உட்கார்ந்து நீ டப்பாவைத் திறந்ததும் புளியோதரை வாசனைக்குத் திரும்பிப் பார்த்து, "நாடு எங்கே?" என்று மலையாள வழக்கில் ஊரைக் கேட்டானாம். செங்கோட்டை என்றதும், "பார்டர் பரோட்டா!" என்று கத்தினானாம். நடுவில் ஒரே ஒரு மலை. இந்தப் பக்கம் நீயும் அந்தப் பக்கம் அவனும் வளர்ந்து, ஜெர்மனியில் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆச்சிக்கு இதில் வியப்பே இல்லை. "புனலூரா? அப்படியானால் நம் ஊர்ப் பையன்தானே" என்றாள். மாநில எல்லை மாறிய 1956 நவம்பர் முதல் தேதிக்கு முன்னால் நாமும் திருவிதாங்கூர்ப் பக்கம்தான். அவள் இன்னும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறாள்.

வியட்நாம் பெண் புளியோதரையை மூன்று முறை கேட்டு வாங்கினாள் என்றாய். புளிக்காய்ச்சல் இரண்டு பாட்டில் அனுப்புகிறேன். ஒன்றை அந்தக் கூட்டத்துக்கென்றே எடுத்து வை. தனியாக உட்கார்ந்து தின்று தீர்த்துவிடாதே. அடுத்த முறை எங்கே என்று முடிவானால் சொல். படிப்பைப் பற்றி நான் வாயைத் திறக்கமாட்டேன் (அதிகம் திறக்கமாட்டேன்).

இத்தனை வருஷத்தில் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் அல்லாமல் நான் புனலூர் போனதே இல்லை என்பது நேற்றிரவுதான் உறைத்தது. மழை விட்டதும் ஒருநாள் ரயிலில் சும்மா போய்வரலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "அங்கே என்ன வேலை?" என்றார். வேலை ஒன்றும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஜன்னலோர இடம் தனக்கு வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
அம்மா