சிட்டையில் சேர்த்த ஒரு சொல்

தேவகோட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மெய்யம்மைக்கு,

அம்மா எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி நீ போனில் பேசியது இன்னும் காதிலேயே நிற்கிறது. ஒரு மாதம் உட்கார்ந்து அந்த மசோதாவை வரி வரியாகப் படித்து, நீ வேலை பார்க்கும் எம்.பி.க்குக் குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறாய். அவர் எழுந்து வாய் திறப்பதற்குள், கூச்சலுக்கு நடுவே, குரல் வாக்கெடுப்பில் அது நிறைவேறிவிட்டது. "காபி ஆறுறதுக்குள்ள சட்டமாயிடுச்சும்மா, இதுக்கு நான் எதுக்கு டெல்லியில உக்காந்திருக்கேன்?" என்றாய். எனக்கு அப்போது பதில் வரவில்லை. உன்னைப் பெற்ற அப்பச்சி வேறு பக்கத்தில் உட்கார்ந்து, "ஊருக்கு வந்துரச் சொல்லு" என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் டீச்சராக ஒரு திருத்தம். அது இன்னும் சட்டமாகவில்லை. மக்களவையைத் தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான். மாநிலங்களவை இருக்கிறது, அப்புறம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் நாடாளுமன்றம் என்று அரசியலமைப்பின் 79ஆவது பிரிவு சொல்கிறது. முப்பது வருஷம் சமூக அறிவியல் நடத்திய வாய், சும்மா இருக்குமா?

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். 'மசோதா சட்டமாவது எப்படி' என்ற பாடத்தை நான் ரொம்ப மோசமாகத்தான் நடத்தினேன். கரும்பலகையில் நாலு கட்டம் போட்டு, நடுவில் அம்புக்குறி போட்டு, ஐந்து மதிப்பெண் கேள்வி என்று அடிக்கோடு இட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். பிள்ளைகளும் 543, 245 என்று ஒப்பித்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பது எனக்கே ஒரே ஒரு சட்டத்தை வைத்துத்தான் புரிந்தது. அது நம் வீட்டுக்குள் வந்து போன சட்டம்.

என் கல்யாணம் 1983 தை மாதம். முறைச்சிட்டை, அதாவது சீர் சாமான் பட்டியல், எழுதும் அன்று உன் ஐயாதான், என்னைப் பெற்றவர், கணக்குப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு எழுதினார். வெள்ளி இவ்வளவு, வைரம் இவ்வளவு, மாமியாருக்குரிய சாமான் இன்னின்னது, எவர்சில்வர், பித்தளை, ரொக்கம் என்று வரிசையாக. அந்த ரொக்கத்துக்காக உன் ஆயாவின், என்னைப் பெற்றவளின், வைரத் தோடு ஏற்கெனவே பணமாக்கக் காரைக்குடிக்குப் போயிருந்தது. அது எனக்குப் பிறகுதான் தெரியும். வெள்ளைக்கல் தோடு போட்டிருந்த ஆயாவைப் பார்த்து, "இது நல்லாருக்கே" என்று நான் சொன்னது இன்னும் உறுத்துகிறது.

ஐயா எழுதி முடித்ததும், மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் வந்திருந்த கோர்ட்டு விவகாரம் தெரிந்த ஒருவர் சிட்டையை வாங்கிப் படித்தார். "தொகைக்குப் பக்கத்துல 'அன்பளிப்பு'ன்னு ஒரு வார்த்தை போட்டுருங்க" என்றார். ஐயா எதற்கு என்று கேட்டார். "சட்டத்துல அப்படி இருக்கு. அன்பளிப்புன்னா வரதட்சணையில வராது." ஐயா போட்டுக் கொடுத்துவிட்டார். வளவு முற்றத்தில் பரப்பி வைத்திருந்த சாமானை ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. யாரும் எதுவும் தப்பாகச் செய்ததாக நினைக்கவில்லை. சட்டப்படி தப்பு செய்யவும் இல்லைதான்.

அந்த மனிதர் சொன்னது உண்மைதானா என்று பல வருஷம் கழித்துத் தேடிப் பார்த்தேன். உண்மைதான். 1961ஆம் வருஷத்து வரதட்சணைத் தடைச் சட்டத்தில் வரதட்சணை என்றால் என்ன என்று சொல்லிவிட்டு, அதற்குக் கீழே ஒரு விளக்கக் குறிப்பு வைத்திருந்தார்கள். திருமண சமயத்தில் ரொக்கமாகவோ நகையாகவோ துணியாகவோ தரும் அன்பளிப்புகள் வரதட்சணை ஆகாது. அவை அந்தத் திருமணத்துக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டிருந்தால்தான் ஆகும். ஈடாகக் கொடுத்தேன் என்று எந்தப் பெண்ணைப் பெற்றவன் கோர்ட்டில் போய்ச் சொல்வான்? மகள் அந்த வீட்டில் வாழ வேண்டாமா?

அந்தக் குறிப்பு காபி ஆறுவதற்குள் வந்ததில்லை, மெய்யு. இரண்டு வருஷம் சண்டை போட்ட பிறகு வந்தது. மசோதா 1959இல் மக்களவையில் அறிமுகமானது. அறிமுகம் முதல் வாசிப்பு. இரண்டாம் வாசிப்பில்தான் உயிர் இருக்கிறது: இந்தச் சட்டம் வேண்டுமா என்ற பொது விவாதம், வேண்டுமானால் குழுவுக்கு அனுப்புவது, திரும்பி வந்ததும் பிரிவு பிரிவாக எடுத்துத் திருத்தங்களோடு வாக்கெடுப்பு. மூன்றாம் வாசிப்பில் மொத்தமாக ஏற்பதா வேண்டாமா என்பதுதான். இந்த மசோதா இரு அவைகளின் கூட்டுக்குழுவுக்கும் போய் வந்தது. அப்புறமும் மாநிலங்களவை திருத்தம் சொன்னது, மக்களவை ஏற்கவில்லை. அவர்கள் ஒத்துப்போகாத இடங்களில் முக்கியமானது எது தெரியுமா? வரதட்சணை என்ற சொல்லுக்குள் எது அடங்கும், எது அடங்காது என்பதுதான். பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் நடுவே நடக்கிற அதே பேச்சு, டெல்லியில் இரண்டு அவைகளுக்கு நடுவே நடந்திருக்கிறது.

இரு அவைகளும் பிடிவாதமாக நின்றால் 108ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் கூட்டு அமர்வைக் கூட்டலாம். சுதந்திர இந்தியாவில் அது நடந்தது மூன்றே தடவை: 1961, 1978, 2002. முதலாவது இந்த வரதட்சணை மசோதாவுக்காகத்தான், அந்த வருஷம் மே 6, 9 தேதிகளில். மற்ற இரண்டும் வங்கிப் பணித் தேர்வு ஆணையத்தைக் கலைக்கவும், பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவுக்காகவும். பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது பின்வரிசைப் பெண்கள் மட்டும் நிமிர்ந்து பார்ப்பார்கள். இப்போது சம்விதான் சதன் என்று பெயர் மாற்றியிருக்கிறார்களே அந்தப் பழைய கட்டடம், அங்கே மைய மண்டபத்தைப் பார்க்க முடிந்தால் எனக்காக ஒரு தடவை பார்த்துவிட்டு வா. கூட்டு அமர்வுக்கு மக்களவைத் தலைவர்தான் தலைமை. அன்றைக்கு அந்தப் பதவியில் இருந்தவர் நம் பக்கத்து ஆந்திராக்காரர் அனந்தசயனம் ஐயங்கார். வந்திருந்து வாக்களிப்பவர்களில் பெரும்பான்மை எந்தப் பக்கமோ அதுதான் முடிவு. தலை எண்ணிக்கை மக்களவையில் இரண்டு மடங்குக்கு மேல் என்பதால், அங்கே போனால் பெரிய வீட்டுக்காரர்கள் கை ஓங்கியிருக்கும்.

கடைசியில் "நேரடியாகவோ மறைமுகமாகவோ" என்ற சொற்களும் சட்டத்தில் நின்றன, அந்த விளக்கக் குறிப்பும் நின்றது. ஒரு கதவைச் சாத்தி இன்னொன்றைத் திறந்து வைத்த மாதிரி. 1961 ஜூலை 1 முதல் அமல். தண்டனை அதிகபட்சம் ஆறு மாதமோ, ஐயாயிரம் அபராதமோ, இரண்டுமோ. அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் கழித்து அந்தத் திறந்த கதவு வழியாகத்தான் ஆயாவின் தோடு போனது.

இதைச் சொல்வது உன்னைச் சோர்வாக்க இல்லை. மிச்சத்தையும் கேள். 1980களின் தொடக்கத்தில், இந்தச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க இரு அவை உறுப்பினர்களையும் சேர்த்து மறுபடி ஒரு கூட்டுக்குழு போட்டார்கள். கல்யாணத்துக்கு ஈடாகக் கொடுத்தது என்று நிரூபிப்பது ஏறத்தாழ முடியாத காரியம், பாதிக்கப்படும் பெற்றோரே புகார் சொல்ல வர மாட்டார்கள் என்று அந்தக் குழு சொன்னது. நான் மேலே கேட்ட கேள்விதான். யாரோ ஒருவர் உன்னைப் போல உட்கார்ந்து அதை எழுதியிருக்கத்தானே வேண்டும்? 1984இல் திருத்தம் வந்தது. "ஈடாக" என்பது போய், "திருமணம் தொடர்பாக" என்று ஆனது. அந்த விளக்கக் குறிப்பை எடுத்தே விட்டார்கள். 1986இல் தண்டனையைக் குறைந்தது ஐந்து வருஷம் என்று ஏற்றினார்கள்.

அதே கையோடு ஒரு ஜன்னலும் வைத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேட்காமல் கொடுக்கும் அன்பளிப்பு, பட்டியலில் எழுதியிருந்தால், குற்றமில்லை. பெண் வீட்டார் தருவதென்றால் அது வழக்கமானதாகவும் வசதிக்கு மீறாததாகவும் இருக்க வேண்டும். பட்டியல் எப்படி இருக்க வேண்டும் என்று 1985இல் அரசு தனியாக விதிகள் போட்டது. சட்டம் எலும்பு, விதிகள்தான் சதை. நீ படிக்கும் மசோதாவின் கடைசிப் பக்கங்களில் 'மத்திய அரசு விதிகள் வகுக்கலாம்' என்று வருமே, அங்கே கண்ணை வை. அந்த விதிகளைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒவ்வொரு பொருளும் இன்னதென்று எழுத வேண்டும், உத்தேச மதிப்பு போட வேண்டும், கொடுத்தவர் பெயர், என்ன உறவு என்று போட வேண்டும், பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்திட வேண்டும். கரண்டி முதற்கொண்டு எழுதி வைத்து, இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தம் எழுதி மாற்றிக்கொள்ளும் நகரத்தார் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் எழுதினார்களோ என்று தோன்றியது. ஒரே வித்தியாசம், நம் சிட்டையில் பெண் கையெழுத்து இருக்காது.

சரி, உன் வேலைக்கு வருகிறேன். குரல் வாக்கெடுப்பு முடிந்ததும் உன் எம்.பி. அதை ஏற்காமல் எண்ணிப் பார்க்கச் சொல்லிக் கேட்டாரா? கேட்டால்தான் யார் எந்தப் பக்கம் என்று பதிவாகும். கட்சிக் கொறடா சொன்னதை மீறி வாக்களித்தால் பதவி போகும், 1985இல் அரசியலமைப்பில் வந்த பத்தாவது அட்டவணை, கட்சித் தாவல் தடை, அப்படி. அது தெரிந்ததுதான். ஆனால் குழுவில் கொறடா கிடையாது. துறைவாரி நிலைக்குழுக்கள் 24, ஒவ்வொன்றிலும் 31 பேர். கேமரா இல்லாத அறை. பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பார்கள். மசோதாவைக் குழுவுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததுதான் எனக்குக் கோபம். உன் குறிப்பு அங்கே போயிருக்க வேண்டியது.

பண மசோதாவாக இருந்தால் மாநிலங்களவையை நம்பாதே. பதினாலு நாள்தான் வைத்துக்கொள்ளலாம், அவர்கள் சொல்வதை மக்களவை கேட்க வேண்டியதுமில்லை. உன்னுடையது அது இல்லையே. அப்படியென்றால் உன் குறிப்பைத் தூக்கிப் போடாமல், அந்த அவையில் உன் கட்சிக்காரர் எவராவது இருந்தால் அவர் மேஜைக்கு அனுப்பு. திருத்தம் கொடுக்க இன்னும் நேரம் இருக்கிறது. அமைச்சரல்லாத உறுப்பினர் தானே கொண்டுவரும் தனிநபர் மசோதா போடலாமா என்று உன் எம்.பி. கேட்டதாகச் சொன்னாயே. போடட்டும். வெள்ளிக்கிழமை பிற்பகல் அதற்குத்தான். இதுவரை சட்டமானவை பதினாலு, கடைசியாக 1970இல் என்று பயமுறுத்துவார்கள். 2015இல் திருச்சி சிவா எம்.பி.யின் திருநங்கை, திருநம்பியர் உரிமை மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் அது தாண்டவில்லை, ஆனால் 2019இல் அரசே ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்தச் சட்டத்தில் குறை உண்டு என்று திருநங்கை, திருநம்பியரே போராடினார்கள், அது வேறு கதை.

வீட்டுச் சேதி ஒன்று. புதன்கிழமை உன்னைக் கேட்டு ஒரு வீட்டிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை சிங்கப்பூரில். நல்ல மனிதர்கள்தான். "நாங்க எதுவும் கேக்கலை ஆச்சி, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யப்போறீங்க" என்றார்கள். நான், "செய்யறதை 1985 விதிப்படி எழுதி வச்சிருவோம், மதிப்புப் போட்டு, மாப்பிள்ளையும் கையெழுத்துப் போடட்டும்" என்றேன். காபியைக் குடித்துவிட்டு, போன் செய்கிறோம் என்று கிளம்பினார்கள். இன்னும் போன் வரவில்லை. அப்பச்சி என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, "பாடம் நடத்தியே சம்பந்தத்தை விரட்டிட்டா" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம்.

மணகோலமும் சீப்புச்சீடையும் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். டப்பாவைத் தொலைக்காதே. கூடவே என் முறைச்சிட்டையைக் கலரில் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். பெட்டியடியில் ஐயாவின் பழைய கணக்கு நோட்டுக்குள் இருந்தது. ரொக்கம் எழுதிய வரியைப் பார். 'அன்பளிப்பு' என்ற சொல் மட்டும் வேறு மையில், இடம் போதாமல் நெருக்கி எழுதியிருக்கும்.

அன்புடன்,
அம்மா