அத்தையின் கையில் மூன்று ரிமோட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் அரசுப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் மாமியார் இருக்கிறார். வயது 83. மூட்டுவலியால் சார்ங்கபாணி கோயிலுக்குக்கூட நடந்து போக முடியாமல் போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. விடியற்காலையில் குளித்துவிட்டு 6 மணிக்கு டி.வி.யில் கோயில் நிகழ்ச்சி பார்ப்பார். மாலையில் செய்தி, இரவில் ஒரு தொடர். வெளியுலகத்தோடு அவருக்கு மிஞ்சியிருக்கும் தொடர்பு பெரும்பாலும் அந்தப் பெட்டிதான். அதனால்தான் ரிமோட்டைப் பற்றி ஒரு கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இது சிறிய விஷயம் என்று தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் கூடத்து மேசையில் மூன்று ரிமோட்டுகள் கிடந்தன. ஒன்று டி.வி.யுடையது. இன்னொன்று கேபிள்காரர் கொடுத்த செட்-டாப் பாக்ஸுடையது. மூன்றாவது, மகன் பொங்கலுக்கு வாங்கி வைத்த சவுண்ட்பாருடையது, அதாவது டி.வி.யோடு இணைக்கும் நீளமான ஒலிபெருக்கியுடையது. ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். மூன்றிலும் சேர்த்து 104 பொத்தான்கள். அத்தைக்கு வேண்டியவை ஐந்தே ஐந்து: டி.வி.யைப் போடவும் நிறுத்தவும் ஒன்று, சத்தத்துக்கு இரண்டு, சேனல் மாற்ற இரண்டு. மற்ற 99 பொத்தான்களும் அவர் கைதவறி அழுத்துவதற்காகவே இருப்பவை போலாகிவிட்டன. இரண்டு கண்ணிலும் புரை அறுவை செய்துகொண்டவர். விரலிலும் லேசான நடுக்கம். படம் எந்தத் துளை வழியாக வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சோர்ஸ் பொத்தானில் விரல் பட்டுவிட்டால் திரை நீலமாகி ‘சிக்னல் இல்லை’ என்று காட்டும். அதற்குப் பிறகு எதை அழுத்தினாலும் சேனல் வராது.

ஒரு முறை நான் மூன்று நாள் திருச்சிக்குப் போயிருந்தேன். முதல் நாள் காலையிலேயே இப்படி ஆகியிருக்கிறது. அத்தை கேபிள்காரருக்குச் சொல்லியனுப்ப, அங்கிருந்து வந்த பையன் ஒரு பொத்தானை அழுத்திச் சரிசெய்துவிட்டு 100 ரூபாய் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். என்ன செய்தான் என்று சொல்லவில்லை. மறுநாள் மீண்டும் அதே நீலத் திரை. இன்னொரு 100 ரூபாய் கொடுக்க மனமில்லாமல், நான் திரும்பி வரும்வரை அத்தை டி.வி.யே பார்க்கவில்லை.

அதைவிட என்னை வருத்தியது வேறொன்று. சில மாதங்களாக அத்தை டி.வி.க்கு மிக அருகில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கேட்டதற்கு, “எனக்குக் காது போய்விட்டது அம்மா, இனி என்ன செய்வது” என்றார். நாங்களும் நம்பினோம். காது மருத்துவரிடம் அழைத்துப்போக நாளும் குறித்துவிட்டோம். அதற்கு முன்தினம் தற்செயலாகச் செட்-டாப் பாக்ஸ் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன். திரையில் 6 என்று காட்டியது. செட்-டாப் பெட்டிக்குத் தனிச் சத்தம், டி.வி.க்குத் தனிச் சத்தம், சவுண்ட்பாருக்குத் தனிச் சத்தம் என்று மூன்று இருக்கின்றன. முதல் படியிலேயே குறைந்துபோனால், பின்னால் எவ்வளவு கூட்டினாலும் இரைச்சல்தான் மிகும், பேச்சு தெளிவாகக் கேட்காது. ஒரு மூதாட்டி தன் செவியையே சந்தேகித்துக்கொண்டு பல மாதங்கள் இருந்திருக்கிறார். காரணம் ஒரு பொத்தான். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

மறுநாளே கடைக்குப் போய், எல்லா டி.வி.க்கும் பொருந்தும் என்று எழுதியிருந்த யுனிவர்சல் ரிமோட் ஒன்றை 250 ரூபாய்க்கு வாங்கினேன். அது தவறான தேர்வு. அதிலும் நாற்பதுக்கு மேல் பொத்தான்கள். உடன் வந்த தாளில் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய அளவில் நிறுவனப் பெயர்களும் மூன்றிலக்கக் குறியீட்டு எண்களும் இருந்தன. டி.வி.க்கான எண்ணைப் போட்டதும் டி.வி. கேட்டது. எங்கள் கேபிள் பெட்டியின் பெயரோ அந்தப் பட்டியலிலேயே இல்லை. இரண்டு மாதம் கழித்துப் பேட்டரி மாற்றியபோது, போட்டுவைத்த எண்ணையும் அந்த ரிமோட் மறந்துவிட்டது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், கடையில் ‘யுனிவர்சல்’ என்ற ஒரே பெயரில் விற்பவை ஒரே பொருள் அல்ல. ரிமோட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் வேறுபாடு விளங்கும். ரிமோட்டின் நெற்றியில் இருக்கும் சிறு எல்.இ.டி. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசுகிறது. அதன் அலைநீளம் பெரும்பாலும் 940 நானோமீட்டர். வெயிலிலும் குண்டு பல்பிலும்கூட அகச்சிவப்பு உண்டு. அவற்றிலிருந்து தன்னைப் பிரித்துக் காட்ட, ரிமோட் தன் ஒளியை நொடிக்குச் சுமார் 38,000 தடவை துடிக்கவைக்கிறது. டி.வி.யில் உள்ள ஒளியுணரி அந்தத் துடிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். அந்தத் துடிப்பொளியை நீளமாகவும் குட்டையாகவும் விட்டுவிட்டு அனுப்புவதுதான் செய்தி. மிருதங்கச் சொற்கட்டு போல, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு துடிப்புக் கோவை.

வெயில் என்றதும் வகுப்பில் நான் சொல்லும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. 1955இல் அமெரிக்காவில் ஜெனித் நிறுவனத்துக்காக யூஜின் பாலி உருவாக்கிய ஃபிளாஷ்-மேட்டிக், டி.வி.யின் மூலைகளில் இருந்த ஒளியுணரிகள்மேல் டார்ச் விளக்குப் போல வெளிச்சத்தைப் பாய்ச்சி வேலை செய்தது. ஜன்னல் வழியே வெயில் விழுந்தாலும் சேனல் தானாக மாறிவிடும். அடுத்த ஆண்டே ராபர்ட் அட்லர், பேட்டரியே இல்லாமல், பொத்தானை அழுத்தினால் சிறு சுத்தியல் அலுமினியத் தண்டைத் தட்டி, நம் காதுக்குக் கேட்காத மீயொலி எழுப்பும் ரிமோட்டைக் கொண்டுவந்தார். அதில் நான்கு பொத்தான்கள்தாம். எழுபது ஆண்டுகளுக்கு முன் நான்கு போதும் என்று ஒரு பொறியாளர் நினைத்திருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் முதலில் வாங்கியது, தனக்குள் முன்பே பதிந்திருக்கும் கோவைகளில் ஒன்றை எண் போட்டுத் தேர்ந்தெடுக்கும் வகை. பட்டியலில் இல்லாத கருவிக்கு அது உதவாது. இன்னொரு வகை உண்டு. பழைய ரிமோட்டை அதன் எதிரே வைத்து அழுத்தினால், அந்தக் கோவையைக் கேட்டுப் பதிந்துகொள்ளும். கடையில் ‘லேர்னிங் ரிமோட்’ என்று கேட்க வேண்டும். நிறுவனம் எதுவாக இருந்தாலும் இதற்குக் கவலையில்லை. பெரியவர்களுக்கு வாங்குவோர் இந்த வகையைத்தான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அதிர்ச்சி காத்திருந்தது. எங்கள் கேபிள் பெட்டியோடு வந்த ரிமோட்டின் ஒரு பகுதியில் ஐந்தாறு பொத்தான்களைச் சுற்றி ஒரு கோடு போட்டு, ‘டி.வி.’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. அவை வெற்றுப் பொத்தான்கள், டி.வி. ரிமோட்டிலிருந்து கற்றுக்கொள்வதற்கென்றே வைக்கப்பட்டவை. எல்லா வீட்டு ரிமோட்டிலும் இது இருக்காது, ஆனால் பல வீடுகளில் இருக்கிறது. வாங்கி ஆறு ஆண்டுகளாக அது எங்கள் மேசைமேல் இருந்திருக்கிறது. பெட்டியைப் பொருத்த வந்தவர் சொல்லவில்லை. விளக்கத் தாளை எங்களிடம் தரவும் இல்லை.

கற்றுக்கொடுப்பது ஐந்து நிமிட வேலை. கற்க வேண்டிய கேபிள் ரிமோட்டையும் கற்றுக்கொடுக்கும் பழைய ரிமோட்டையும் மேசைமேல் நேருக்கு நேர், இரண்டு மூன்று விரற்கடை இடைவெளியில் வைத்தேன். வெயில் படாத இடம் நல்லது. கேபிள் ரிமோட்டின் ‘செட்’ பொத்தானைச் சிவப்பு விளக்கு நிலையாக எரியும்வரை அழுத்திப் பிடித்தேன். பிறகு அதே ரிமோட்டில் நிரப்ப வேண்டிய பொத்தானை ஒரு முறை, பழைய ரிமோட்டில் அதற்குரிய பொத்தானை ஒரு முறை. விளக்கு மின்னினால் பதிந்துவிட்டது என்று பொருள். அழுத்தும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும். பழைய ரிமோட் உண்மையில் ஒளி வீசுகிறதா என்று ஐயம் இருந்தால், கைப்பேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்து அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான கைப்பேசிகளில் ஊதாநிறப் புள்ளியாகத் தெரியும்.

எதைக் கற்றுக்கொடுப்பது என்பதில்தான் யோசனை தேவை. எங்கள் வீட்டில் ஒலி வருவது சவுண்ட்பாரிலிருந்து. ஆகவே சத்தத்துக்கான இரண்டு பொத்தான்களையும் டி.வி. ரிமோட்டிலிருந்து எடுக்காமல் சவுண்ட்பார் ரிமோட்டிலிருந்து எடுத்தேன். பெட்டியின் சத்தத்தை முழுமையாக ஏற்றி அப்படியே விட்டுவிட்டேன். மின்பொத்தானில் இன்னொரு சிக்கல் உண்டு. பெரும்பாலான கருவிகளில் போடுவதற்கும் நிறுத்துவதற்கும் ஒரே கோவைதான். டி.வி., பெட்டி இரண்டையும் ரிமோட்டால் போட்டு நிறுத்தினால், எப்போதாவது ஒன்று முந்திக்கொண்டு, டி.வி. விழிக்கும்போது பெட்டி தூங்கிவிடும். அதனால் பெட்டியை எப்போதும் விழித்திருக்கவே விட்டுவிட்டேன். ஒரு சிறு எல்.இ.டி. பல்பு எரிவது போன்ற மின்செலவுதான். அத்தையின் நிம்மதிக்கு அது பெரிதல்ல. சவுண்ட்பாரை, டி.வி.யின் ஒலியை வெளியே அனுப்பும் ஏ.ஆர்.சி. என்று குறித்திருக்கும் எச்.டி.எம்.ஐ. துளையில் இணைத்து, டி.வி.யின் அமைப்புகளில், ஒரு கருவி இன்னொன்றை இயக்க உதவும் சி.இ.சி. வசதியை இயக்கியதும், டி.வி.யோடு சேர்ந்து அதுவும் விழிக்கிறது. இந்த வசதியை ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு பெயரில் ஒளித்து வைத்திருக்கிறது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்.ஜி.யில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். பெயர் தெரியாமல் தேடினால் கிடைக்காது.

ஒன்றிரண்டு எச்சரிக்கைகள். குரலால் கட்டளையிடும் புதுவகை ஸ்மார்ட் டி.வி. ரிமோட்டுகள் பல ப்ளூடூத்தில் பேசுபவை. ப்ளூடூத்தில் போகும் கட்டளைகளை அகச்சிவப்பு ரிமோட்டால் கற்க முடியாது. ஏ.சி. ரிமோட்டையும் இதில் சேர்க்க முயலாதீர்கள். அது ஒவ்வொரு அழுத்தலிலும் வெப்பநிலை, விசிறி வேகம், இயங்குமுறை எல்லாவற்றையும் ஒரே நீண்ட செய்தியாக அனுப்புகிறது; ‘ஒன்று கூட்டு’ என்ற தனிக் கட்டளையே அதில் இல்லை. பேட்டரியைக் கழற்றினாலும் நினைவு அழியாத ரிமோட்டா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். பழைய ரிமோட்டை மட்டும் தூக்கி எறியாதீர்கள். புதியதற்கு ஆசான் அதுதான். எங்கள் வீட்டில் பேட்டரியைக் கழற்றி, துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

மீதிப் பொத்தான்களை என்ன செய்வது? பழைய பிளாஸ்டிக் கோப்பு அட்டையை ரிமோட்டின் அளவுக்கு வெட்டி, வேண்டிய ஐந்து இடங்களில் மட்டும் துளையிட்டு, ரப்பர் வளையத்தால் கட்டினேன். செல்லோடேப் ஒட்டினால் போதாது. அதன்மேல் அழுத்தினாலும் பொத்தான் இயங்கும். அட்டை விறைப்பாகவும் பொத்தான் மட்டத்துக்குச் சற்று உயர்ந்தும் இருக்க வேண்டும். மின்பொத்தான்மேல் ஒரு துளி நகச்சாயம் வைத்துக் காயவிட்டேன். இப்போது அத்தை அதைப் பார்க்காமல் தடவியே கண்டுகொள்கிறார். பொருத்திக்கொடுத்த அன்று, சத்தத்தை ஏற்றுவதும் இறக்குவதுமாக வெகுநேரம் இருந்தார். நாற்காலி பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது.

அதன்பின் எங்கள் தெருவில் ஒன்பது வீடுகளுக்குப் போய் இதைச் செய்து கொடுத்திருக்கிறேன். ஆறு வீடுகளில் கற்கும் பொத்தான்கள் ஏற்கெனவே இருந்தன. ஒருவருக்கும் அது தெரியாது. எல்லாம் முதியவர்கள் பகலில் தனியே இருக்கும் வீடுகள்.

தமிழ்நாட்டில் டி.வி. ஏழைகளின் கூடத்துக்கும் வந்தது, 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால். அப்போது வீட்டுக்கு ஒரு ரிமோட்தான். பிறகு கேபிள் டிஜிட்டல் ஆகி, 2017 முதல் அரசு கேபிளும் செட்-டாப் பாக்ஸ் வழங்கத் தொடங்கியபோது, அந்த வீடுகளிலும் இரண்டாவது ரிமோட் வந்து சேர்ந்தது. பெட்டி கட்டாயம் என்றால், அதை இயக்கக் கற்றுத் தருவதும் கட்டாயமாக இருக்க வேண்டாமா? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 43ஆம் பிரிவு, எல்லோரும் பயன்படுத்தும்படி வடிவமைத்த நுகர்பொருள்களை ஊக்குவிக்க வேண்டும் என்று அரசுக்குக் கடமை விதிக்கிறது. கண் மங்கி, விரல் நடுங்கும் ஒருவர் பயன்படுத்தக்கூடிய ரிமோட் அதில் அடங்காமல் வேறு எது அடங்கும்?

அரசு கேபிள் உட்பட எல்லாக் கேபிள், டி.டி.எச். நிறுவனங்களையும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். பெட்டியைப் பொருத்த வருபவர், டி.வி.யின் மின்பொத்தானையும் சத்தத்தையும் அதே ரிமோட்டில் பதிந்துகொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். பெரிய எழுத்தில், படத்துடன், தமிழில் ஒரு பக்க விளக்கத் தாள் தர வேண்டும். கேட்பவர்களுக்கு ஐந்தாறு பெரிய பொத்தான்கள் மட்டும் உள்ள ரிமோட்டை நியாயமான விலையில் கொடுக்க வேண்டும். சோர்ஸ் பொத்தானைச் சேனல் பொத்தானுக்குப் பக்கத்தில் வைக்கும் பழக்கத்தை டி.வி. நிறுவனங்கள் கைவிட வேண்டும்.

அந்த ஒரு பக்கத் தாளை எழுத ஆள் இல்லை என்று எந்த நிறுவனமாவது சொன்னால், நான் ஊதியமின்றி எழுதித் தருகிறேன். துளையிட்ட அட்டையின் அளவுப் படத்தையும் சேர்த்தே தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை,
கும்பகோணம்.