ஸ்பெயின் கடிதத்தில் ‘10 நாள்’ என்றால்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஸ்பெயினுக்குப் படிக்கப் போகும் நம் நீலகிரிப் பிள்ளைகளும், அங்கே தேயிலை அனுப்ப நினைப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நாட்டில் கெடுவை எண்ணும் முறை இடத்துக்கு இடம் மாறும்.

அரசு அலுவலகக் கடிதத்தில் வெறுமனே ‘10 நாள்’ என்றிருந்தால் அது ‘தியாஸ் ஆபிலெஸ்’. சனி, ஞாயிறு, அரசு விடுமுறை மூன்றையும் கழித்து எண்ண வேண்டும். சனிக்கிழமையைக் கழித்தது 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த 39/2015 சட்டம். அதற்கு முன் சனி கணக்கில் உண்டு என்பதால் பழைய கையேடுகளை நம்பக் கூடாது. தனியார் ஒப்பந்தத்தில் கதையே நேர்மாறு. ‘நாள்’ என்று மட்டும் எழுதினால் சிவில் சட்டப்படி விடுமுறையும் சேர்த்தி.

குறையும் ஆவணத்தை 10 நாளில் தரச் சொல்லும் கடிதம் 2025 ஆகஸ்ட் 1, வெள்ளியன்று கைக்கு வந்ததென்று வையுங்கள். வந்த நாளை எண்ணக் கூடாது. மறுநாள் சனி, ஆகவே 4ஆம் தேதி திங்கள்தான் முதல் நாள். 15ஆம் தேதி தேசிய விடுமுறை. பத்தாம் நாள் 18ஆம் தேதி. இதுவே ஒப்பந்தக் கெடுவானால் 11ஆம் தேதியே முடிந்துவிடும். நீதிமன்றத்தில் பெரும்பாலான வழக்குகளுக்கு ஆகஸ்ட் முழுவதும் கணக்கில் இல்லை. செப்டம்பர் 1தான் முதல் நாள். ஆனால் வேலைநீக்கத்தை எதிர்ப்பதற்கான 20 நாள் கெடு ஆகஸ்டிலும் ஓடும். இதில் அசந்து உரிமையை இழந்துவிடக் கூடாது.

மாதக் கெடு தேதிக்குத் தேதி. ஜனவரி 31இல் வந்த கடிதத்துக்கு ஒரு மாதம் என்றால் பிப்ரவரியின் கடைசி நாளோடு சரி.

மாணவர்கள் அதிகம் பயப்பட வேண்டியது மின்னணு அறிவிப்புக்கு. திறக்காமல் 10 நாள் விட்டால், வாங்க மறுத்ததாகவே கொள்வார்கள். நடவடிக்கை மேலே நகர்ந்துவிடும். இந்த 10 நாளில் சனி, ஞாயிறும் அடக்கம்.

உள்ளூர் விடுமுறையும் உண்டு. ஆண்டுக்கு அதிகபட்சம் 14 விடுமுறை; அதில் 2 அந்தந்த ஊருக்கு உரியவை. மனுதாரர் வசிக்கும் ஸ்பானிய ஊரிலோ அலுவலகம் உள்ள ஊரிலோ விடுமுறையானால் அந்த நாள் கழியும். ஹெத்தையம்மன் பண்டிகைக்கு இங்கே விடும் விடுமுறை அங்கே செல்லாது.

வியாபாரிகள் ‘லபோராப்லெஸ்’ (வேலை நாட்கள்) என்ற சொல்லை ஒப்பந்தத்தில் ஏற்கவே வேண்டாம். சில தொழில்களில் சனியும் அதில் சேரும். ‘ஆபிலெஸ்’ என்று எழுதி, எந்த ஊர் விடுமுறைப் பட்டியல் என்பதையும் சேருங்கள். மே 15 மாட்ரிட்டுக்கு விடுமுறை, பார்சிலோனாவுக்கு அல்ல. பணம் தரும் கெடு அந்நாட்டுச் சட்டப்படி 30 நாள். இருவரும் ஒப்பினால் 60 வரை போகலாம், அதற்கு மேல் கூடாது. இரண்டுமே விடுமுறை கழிக்காத நாட்கள்.

இப்படிக்கு,
ஏற்றுமதி ஆவணப் பணியாளர்கள்,
குன்னூர்.