வீவக அடுக்குமாடி வீட்டிலும் பானை பொங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொங்கல் நெருங்கினால் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரக் கடைகளில் மண்பானையும் கரும்பும் மஞ்சள் கொத்தும் வந்து குவிகின்றன. ஆனால் வாங்கிய பானை அடுப்பிலேயே விரிசல் விட்டதால் குக்கருக்கு மாறியவர்கள் நம்மிடையே பலர். குக்கரில் சர்க்கரைப் பொங்கல் கிடைக்கும், பால் பொங்கி வழியாது. அது இல்லாமல் என்ன பொங்கல்?

குறை பானையில் இல்லை, பழக்காததில்தான். புதுப்பானையை ஒருநாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயவிடுங்கள். பிறகு அரிசி கழுவிய நீரைச் சிறுதீயில் கொதிக்கவைத்து, அடுப்பிலேயே ஆறவிடுங்கள். கஞ்சிப்பசை நுண்துளைகளை அடைத்துவிடும். சூடான பானையில் குளிர்பதனப் பெட்டிப் பாலை ஊற்றினாலும், ஈரமான கல்மேடையில் இறக்கினாலும் வெடிக்கும். வண்ணம் தீட்டிய பானை அலங்காரத்துக்கு மட்டுமே. இண்டக்‌ஷன் அடுப்பில் மண்ணும் பித்தளையும் சூடேறா.

இரண்டு லிட்டர் பானையில் பாலும் நீரும் சரிபாதியாக முக்கால் அளவு ஊற்றுங்கள். நீர் மிகுந்தால் நுரை எழும்பாது. மஞ்சள் கொத்தின் இலைகளை நறுக்கிவிட்டுப் பானையின் கழுத்தில் கட்டினால் தீ பிடிக்காது. வழியும் பால் பர்னரை அணைத்து எரிவாயு கசிய விடலாம் என்பதே பெரிய ஆபத்து. நுரை விளிம்பைத் தொட்டதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். மண்ணில் தங்கிய சூடே பாலைப் பொங்கவைக்கும். பர்னரைத் துடைத்து, ஈரம் போனபின் மறுபடி பற்றவையுங்கள்.

பின்னர் 200 கிராம் பச்சரிசி, வறுத்த பாசிப்பருப்பு 50 கிராம். அடிப்பிடிக்காமல் கிளறவேண்டும். சோறு குழைந்தபிறகே 300 கிராம் வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டிச் சேர்க்கவேண்டும். முந்திச் சேர்த்தால் அரிசி வேகாது. கொதிக்கும்போது சேர்த்தால் பால் திரியும்.

இங்கே பொங்கலுக்குப் பொது விடுமுறை இல்லை, ஜனவரியில் சூரியன் உதிக்கவும் காலை 7 மணி கடந்துவிடும். வேலைக்கு ஓடும் அவசரத்தில் தீயைக் கூட்டுவதாலும் பானை உடைகிறது. பழக்கும் வேலையையாவது இரண்டு மூன்று நாள் முன்பே முடித்துவிடலாம்.

பானை விற்கும் கடைக்காரர்கள் பழக்கும் முறையை ஒரு துண்டுத்தாளில் அச்சிட்டு, பானைக்குள் போட்டுக் கொடுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழும் மார்கழிக் கடைசி வாரத்தில் இதை வெளியிட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்