ஆற்றின் இரு கரை, இரண்டு நாடு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் மாணவர் பக்கத்தில் வந்த ஐரோப்பிய வரைபடத்தில் நார்வா நகரம் ரஷ்யாவுக்குள் இருக்கிறது. திருத்தி வெளியிட வேண்டுகிறோம். அது எஸ்தோனியாவின் மூன்றாவது பெரிய நகரம்.

பெய்ப்புஸ் ஏரியில் பிறந்து பின்லாந்து வளைகுடாவில் கலக்கும் நார்வா ஆறுதான் எல்லை. மேற்குக் கரையில் நார்வா, கிழக்குக் கரையில் ரஷ்யாவின் இவான்கொரத். 1492இல் மாஸ்கோ மன்னர் மூன்றாம் இவான் எழுப்பிய கோட்டையும் எதிர்க்கரையின் ஹெர்மன் கோட்டையும் நேருக்கு நேர் நிற்கின்றன. குழப்பம் வருவதற்குக் காரணம் உண்டு: நார்வாவில் பெரும்பாலோர் பேசுவது ரஷ்ய மொழி. எஸ்தோனியத் தலைநகர் தாலினைவிட ரஷ்யாவின் சென்ட் பீட்டர்ஸ்பர்க்தான் கிட்டே. இன்னொன்று, எஸ்தோனியாவும் சோவியத் ரஷ்யாவும் செய்துகொண்ட 1920 தார்த்து ஒப்பந்தப்படி இவான்கொரத்தும் எஸ்தோனியாவில்தான் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவில்தான் சோவியத் ஆட்சி அதை லெனின்கிராட் மாகாணத்தில் சேர்த்தது. பழைய வரைபடத்தைப் பார்த்து வரைந்தால் கோடு இடம் மாறிவிடும். ஆண்டைப் பார்த்துவிட்டுத்தான் வரைய வேண்டும்.

நேரக் கணக்கிலும் கவனம் தேவை. குளிர்காலத்தில் நார்வா நம் மொரீஷியசுக்கு இரண்டு மணி நேரம் பின்னே, இவான்கொரத் ஒரு மணி நேரம் பின்னே. கோடையில் எஸ்தோனியா கடிகாரத்தை முன்தள்ளுவதால் இரண்டும் ஒன்றாகிவிடும். ரஷ்யா மாற்றுவதில்லை.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியர்கள் சிலர்,
ரோஸ் ஹில்