ஏசி நன்றாக இருக்கிறது

மதுரை
வைகாசி 14

அன்புள்ள செந்திலுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் மூன்று பேரும் எப்படி என்று கேட்டால், "நல்லா இருக்கோம்ப்பா" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வருகிறது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்துக்குக் கட்டைவிரலைக் காட்டிப் பதில் போட முடியாது.

ஏசி எப்படி இருக்கிறது என்று மூன்று தடவை கேட்டாய். நன்றாக இருக்கிறது என்று மூன்று தடவையும் சொன்னேன். அதில் இரண்டாவது தடவை சொன்னது பொய். இப்போது சரியாகிவிட்டது, அதனால் சொல்கிறேன்.

அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின வாரம் வந்து மாட்டினார்கள். நீ வருவாய் என்று அம்மா மாவெல்லாம் இடித்து வைத்திருந்தாள். நீ வரவில்லை, ஏசி வந்தது. சரி, அதை விடு. மாட்டிய அன்று ராத்திரியே கணக்கு எடுத்தேன். கடையில் இருபத்திரண்டு வருஷம் மோட்டாருக்குக் காயில் கட்டியவனுக்கு ஒரு மெஷின் ஓடினால் சும்மா படுத்திருக்க முடியுமா? நம் மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டுமே, அதன் பக்கத்தில் 3200 என்று போட்டிருக்கும். 3200 சிமிட்டு சிமிட்டினால் ஒரு யூனிட். பிரிட்ஜ், விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஏசியை மட்டும் ஓடவிட்டு ஒரு நிமிஷம் எண்ணினால் போதும். 53 வந்தால் 1000 வாட். போட்டவுடனே 57 வந்தது. ஒரு மணி நேரம் கழித்து அறை குளிர்ந்த பிறகு எண்ணினால் 18. ஏறக்குறைய 340 வாட். இன்வெர்ட்டர் ஏசி என்றால், அறை குளிர்ந்ததும் மோட்டார் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு அப்படித்தான் இறங்க வேண்டும். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ராத்திரி பதினோரு மணிக்கு டார்ச்சை வைத்துக்கொண்டு மீட்டர் முன்னால் நின்று எண்ணுகிறேன், அம்மா வாசலில் நின்று சிரிக்கிறாள். எதிர்வீட்டு வாத்தியார் திருடன் என்று நினைத்து விளக்கைப் போட்டார். "என் மகன் வாங்கிக்கொடுத்த ஏசி சார்" என்று அந்த நேரத்திலும் சொன்னேன்.

பத்து மணியிலிருந்து ஆறு மணி வரை 26-இல் வைத்து, பேனையும் ஒன்றில் போட்டால், மூன்றரை யூனிட். பதினைந்து நாளும் நோட்டில் எழுதியிருக்கிறேன். மீன் தொட்டிக்குப் போடுகிற தெர்மாமீட்டர் ஒன்று கீழவாசலில் கிடைத்தது. வயர் நுனியில் ஒரு குமிழ், அதை ஏசி வாயில் செருகலாம். ஜுரம் பார்க்கிறது இதற்கு ஆகாது. ரிமோட்டில் 18 வைத்து, காற்றை முழுசாக விட்டு, கதவைச் சாத்தி இருபது நிமிஷம் ஓடவிட வேண்டும். அப்புறம் மேலே அது உறிஞ்சுகிற காற்றையும் கீழே விடுகிற காற்றையும் அளக்க வேண்டும். மேலே 27, கீழே 15. பன்னிரண்டு வித்தியாசம். பத்துக்கு மேல் இருந்தால் மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். உங்கள் வீட்டு ஏசியையும் இப்படி ஒரு தடவை பார். பில்டரைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை கழுவு.

மூன்றாவது வாரம்தான் கோளாறு. காற்று குளிர்ச்சியாகத்தான் வந்தது. ரிமோட்டில் 26 என்றுதான் காட்டியது. அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை, போர்த்திக்கொண்டு தூங்கினாள். எனக்கு மட்டும் வெளியே இருக்கிற பெட்டியின் சத்தம் இறங்கவே இல்லை என்று பட்டது. எழுந்து போய் எண்ணினேன். ஒரு மணி நேரம் கழித்தும் 50. விடிகாலை நாலு மணிக்கு எண்ணினேன், 48. காலையில் பார்த்தால் ஏழு யூனிட்டுக்கு மேல் ஓடியிருக்கிறது. வழக்கமாக ராத்திரிக்குப் பாதி வாளி தண்ணீர் வடியும், அம்மா செம்பருத்திக்கு ஊற்றுவாள். அன்றைக்குக் கால் வாளிகூட இல்லை. தெர்மாமீட்டரை வைத்தால் 27-க்கு 20. மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். வெளிப்பெட்டியில் மெல்லிசுக் குழாய் சேர்கிற இடத்தில் வெள்ளையாகப் பனி பிடித்திருந்தது. அக்னி நட்சத்திர வெயிலில் பனி. கேஸ் குறைந்துவிட்டது என்று தெரிந்துபோயிற்று.

நீ அன்றைக்குத்தான் கேட்டாய், ஏசி எப்படிப்பா இருக்கு என்று. என்ன சொல்ல? அவ்வளவு பணம் போட்டு வாங்கிக்கொடுத்திருக்கிறாய்.

இதில் என் தப்பும் இருக்கிறது. மாட்ட வந்த பையன்கள் வேக்யூம் பம்ப் கொண்டு வரவில்லை. குழாய்க்குள் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து இழுத்துவிட்டுத்தான் கேஸைத் திறக்க வேண்டும். அவர்கள் நட்டைத் தளர்த்தி, வால்வை லேசாகத் திறந்து, புஸ்ஸென்று கொஞ்சம் கேஸை வெளியே விட்டு, அதோடு காற்றும் போய்விட்டது என்று முறுக்கிவிட்டார்கள். முறுக்கினதும் சரியில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் சார் என்றார்கள், பாவம் வெயிலில் அலைகிறார்களே என்று வாயை மூடிக்கொண்டேன். கேட்டிருக்க வேண்டும்.

கம்பெனியில் சொல்லி மூன்று தடவை ஆள் வந்தது. முதலில் வந்தவர், "வெளிய 41 டிகிரி சார், இப்படித்தான் இருக்கும்" என்றார். இரண்டாவது ஆள் பில்டரைக் கழுவிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். நான் முந்தின நாள்தான் கழுவியிருந்தேன். மூன்றாவது வந்தவர் என் வயசுக்காரர். நோட்டை நீட்டினேன். உட்கார்ந்து முழுவதும் படித்தார். அப்புறம் சோப்பு நுரையைப் பிரஷ்ஷில் தொட்டு நட்டில் தடவினார். பாசிப்பயறு அளவுக்கு ஒரு குமிழி, உடைந்தது, மறுபடி ஒன்று வந்தது. அவ்வளவுதான் ஓட்டை. குழாய் நுனியை வெட்டிப் புதிதாக விரித்து முறுக்கி, அரை மணி நேரம் வேக்யூம் போட்டு, தராசில் நிறுத்து கேஸ் ஏற்றினார். அன்றைக்கு ராத்திரி மறுபடி 18. வாரண்டியில் போயிற்று, காசு வாங்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், கவனிக்காமல் விட்டிருந்தால் பில் எங்கேயோ போயிருக்கும். ஏசி இல்லாமல் நமக்கு இரண்டு மாசத்துக்கு 260 யூனிட் வரும். ராத்திரிக்கு மூன்றரை வீதம் சேர்த்தால் 470. ஏழு வீதம் என்றால் 680-ஐத் தொடும். 500-ஐத் தாண்டினால் தாண்டின யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழே இருக்கிற யூனிட்டுக்குக் கிடைக்கிற சலுகை விலையும் போய்விடும். ஏசி மேல் ஒட்டியிருக்கிற ஸ்டார் ஸ்டிக்கரில் இருக்கிற யூனிட்டை நம்பாதே, அது வருஷத்துக்கு 1600 மணி நேரம் ஓடினால் என்கிற கணக்கு. பில்டரை மறக்காதே.

அத்தை மகளுக்கு ஆவணியில் கல்யாணம், பத்திரிகை வரும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஏசி குளிரில் கூடும் என்று பயந்தேன், இல்லை. மாமா வீட்டை இடித்துக் கட்டுகிறார்.

ஏசிக்குத் தவணை பன்னிரண்டு மாசம் என்றாயே. அதை என் கணக்குக்கு மாற்ற முடியுமா என்று பார். எனக்கு இப்போது செலவு என்ன இருக்கிறது? உனக்கு முடியாது என்று சொல்லவில்லை. முடிந்ததால்தானே வாங்கினாய். தெருவில் யாருடைய பிள்ளை இப்படிச் செய்தான்? ஆனால் வாங்கிக்கொடுத்தவன் அது ஓடுகிறதை வந்து பார்க்க வேண்டாமா? போன புதன்கிழமை பதினோரு மணிக்குக் கூப்பிட்டேன், பின்னால் குக்கர் விசில் கேட்டது. வீட்டிலிருந்து வேலை என்றாய். அதற்கு முந்தின வாரம் செவ்வாய்க்கிழமையும் வீடுதான். லீவுக்கு முன்னால் பாப்பாவைத் தினமும் அவர்தான் பள்ளிக்கூடத்தில் விட்டார் என்று சுதா அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மா அதைச் சந்தோஷமாக என்னிடம் சொன்னாள். நானும் சந்தோஷம் என்றேன். ராத்திரி மூன்று மணிக்கு வாட்ஸ்அப்பில் உன் பெயருக்குக் கீழே ஆன்லைன் என்று காட்டுகிறது. நீ தூங்குகிறாயா?

தவணையை மாற்றிவிடு.

செந்தில், தெப்பக்குளம் விஷயத்தைப் பற்றி நாம் இரண்டு பேரும் ஒருநாளும் பேசியதில்லை. 97 ஆடியில் மில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டிய மறுநாளும் நான் ஆறரைக்குக் கேரியரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். படியில் உட்கார்ந்திருப்பேன், மத்தியானம் அங்கேயே சாப்பிடுவேன். அப்போது குளத்தில் ஏது தண்ணீர், முழுக்கக் கிரிக்கெட்தான். அந்தச் சனிக்கிழமை பந்து படியேறி என் காலுக்கு வந்தது. எடுக்க வந்தது நீ. "மில்லு லீவாப்பா?" என்றாய். ஆமாம் என்றேன். என் பக்கத்தில் திறந்திருந்த கேரியரைப் பார்த்தாய். பத்து வயசு உனக்கு. அம்மாகிட்ட சொல்லாத என்று உனக்குப் பால் ஐஸ் வாங்கிக்கொடுத்தேன்.

நீ சொல்லவில்லை. நாற்பது நாள். காலையில் அம்மா கேரியரை அடுக்கும்போது நீ தலை நிமிராமல் தட்டைப் பார்த்தே சாப்பிடுவாய். எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே தினமும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். வேலை போனதில் எனக்கு வெட்கமில்லை, எத்தனையோ பேருக்குப் போயிற்று. பிள்ளையை அதைச் சுமக்க விட்டேனே, அதைத்தான் இத்தனை வருஷம் சொல்ல முடியவில்லை. அம்மாவிடம் கடைசியில் என் பங்கை மட்டும்தான் சொன்னேன். உன் பங்கைச் சொல்லவில்லை.

நான் உன்னிடம் எதையும் கேட்கவில்லை. பாப்பாவின் லீவு முடிய இன்னும் நாள் இருக்கிறது. மூன்று பேரும் வாருங்கள். மாட்டுத்தாவணியில் எத்தனை மணிக்கு இறங்கினாலும் நான் நிற்கிறேன். அறை குளிர்ச்சியாக இருக்கிறது, நீங்கள் படுத்துக்கொள்ளலாம், நாங்கள் கூடத்தில் படுப்போம். தெப்பக்குளத்தில் இப்போது தண்ணீர் நிற்கிறது, பாப்பா பார்க்கட்டும்.

அன்புடன்,
அப்பா

பி.கு. ஒட்டுவதற்கு முன்னால் அம்மாவிடம் இதை முழுவதும் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், அது பால் ஐஸ் இல்லை, திராட்சை ஐஸ் என்கிறாள். பால் ஐஸ் என்றால் உன் வெள்ளைச் சட்டையில் கறை தெரிந்திருக்காதாம்.