சேணத்திலிருந்து இறங்கிய பிறகு

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளா? இனி உன் வீட்டில் கண்ணாடிச் சாமான் எதுவும் கீழே இருக்காது. இங்கே மழை, வேறு விசேஷம் இல்லை.

தடை தாண்டும் பந்தயத்தில் பேர் வாங்கிய ஜாக்கி பிறகு ட்ரெயினராகவும் ஜெயிக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். ஆனால் ஜாக்கியாகக் கற்றதில் பாதிதான் லாயத்தில் உதவும். இதற்கு இங்கிலாந்தின் ஃபிரெட் வின்டரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அங்கே தடை தாண்டும் பந்தயங்களில் பெரியவை செல்ட்னம் கோல்டு கப், சாம்பியன் ஹர்டில், கிராண்ட் நேஷனல். அந்த மூன்றையும் ஜாக்கியாகவும் ட்ரெயினராகவும் ஜெயித்தவர் அவர் ஒருவர்தான்.

முதலில் சவாரி. 1952-53 சீசனில் 121 வெற்றி, அப்போது அது சாதனை. அடுத்த சீசனின் முதல் பந்தயத்தில், முதல் தடையிலேயே விழுந்து கால் முறிந்தது. அந்த வருஷமே போயிற்று. திரும்பி வந்து மேலும் மூன்று முறை, சீசனில் அதிக வெற்றி பெறுபவருக்கான சாம்பியன் ஜாக்கி பட்டம். 1957இல் சன்ட்யூ, 1962இல் கில்மோர் என்ற குதிரைகளில் இரண்டு கிராண்ட் நேஷனல். மொத்தம் 923 வெற்றி.

ஆனாலும் அவர் பேரைச் சொன்னால் எல்லாரும் எடுப்பது 1962 ஜூனில் பாரிஸ் ஓத்தேய் மைதானத்தில் மாண்டரின் என்ற குதிரையில் அவர் ஓடிய ஓட்டத்தைத்தான். நாலு மைல் பந்தயம், எட்டு வடிவத்தில் சுற்றிச் சுற்றி வரும் தடம். நாலாவது தடைக்குள்ளேயே கடிவாள இரும்பு குதிரையின் வாய்க்குள் இரண்டாக ஒடிந்துவிட்டது. கையில் வார் இருக்கிறது, பிடிப்பு இல்லை. பிரேக்கும் ஸ்டியரிங்கும் இல்லாத வண்டி. முழங்காலாலும் உடம்பைச் சாய்த்துமே திருப்பினார். கடைசி நீட்டத்துக்கு முன் குதிரையின் முன்னங்கால் தசைநாணும் போயிற்று. அப்படியும் புகைப்படம் பார்த்து முடிவு சொல்லும் அளவு நெருக்கத்தில் ஜெயித்தார்கள். அன்றே அடுத்த பந்தயத்தையும் வேறொரு குதிரையில் ஜெயித்தார்!

அந்த இரும்பு ரப்பர் உறை போட்டது. ரப்பர் குதிரையின் வாய்க்கு மெத்தென்று இருக்கும், ஆனால் உள்ளே துரு ஏறியதும் விரிசல் விட்டதும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ரப்பர் இரும்பை ஒவ்வொரு முறையும் மாட்டுமுன் இரண்டு கையாலும் வளைத்துப் பார்க்க வேண்டும். ரப்பரில் பல் பட்ட கீறல் இருந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். விலை அற்பம், கழுத்து அற்பமில்லை.

1964இல் சவாரியை நிறுத்தினார். பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டர் வேலைக்கு விண்ணப்பித்தார். அப்போது பந்தயங்களை நிர்வகித்த ஜாக்கி கிளப் மறுத்துவிட்டது. அதன் பிறகுதான் லாம்போர்ன் என்ற ஊரில் அப்லாண்ட்ஸ் லாயத்தில் ட்ரெயினரானார். பக்கத்து லாயம் யாருடையது தெரியுமா? மாண்டரினைத் தயார் செய்த ஃபுல்க் வால்வினுடையது. அவரும் 1936இல் ரெனால்ட்ஸ்டவுன் மீது கிராண்ட் நேஷனல் ஜெயித்த பழைய ஜாக்கிதான்.

ஜாக்கி அறிவு நேராக உதவும் இடம் தாண்டப் பழக்குவது. முதலில் தரையில் கிடக்கும் கம்பு, பிறகு தாழ்ந்த மரக்கட்டை, பிறகு ஹர்டில், கடைசியில்தான் சேஸ் வேலி. புதுக்குதிரையைத் தனியாக விடாமல் பழகிய குதிரையோடு சேர்த்து ஓட்டுவார்கள். ஹர்டிலின் உயரம் குறைந்தது மூன்றரை அடி, இடித்தால் சாயும். சேஸ் வேலி நாலரை அடிக்குக் குறையாது, இடித்தால் சாயாது. ஹர்டிலை உரசிக்கொண்டே இரண்டு வருஷம் தப்பித்த குதிரை முதல் சேஸில் தலைகுப்புற விழுவது அதனால்தான். பாய்ச்சலில் ஒரு எட்டு, அதாவது நாலு காலும் ஒருமுறை வைத்து எடுக்கும் தூரம், ஏறக்குறைய ஏழு மீட்டர். அரை எட்டு தப்பினால் குதிரை ஒன்று வேலிக்கு அடியில் போய் நிற்கும், அல்லது எட்டாத தூரத்திலிருந்து எம்பும். அந்தத் தப்பு வருவதை ஆயிரக்கணக்கில் சவாரி செய்தவன் கண் மூன்று எட்டுக்கு முன்பே பார்த்துவிடும்.

உதவாத பாதி கால் பார்ப்பது, தீனி, நாள்கணக்கு. ஜாக்கிக்குக் குதிரையோடு உறவு பந்தயம் ஓடும் சில நிமிஷம். ட்ரெயினருக்கு வருஷம் முழுக்க. கோடையில் புல்வெளியில் கிடந்த குதிரையை ஆகஸ்டில் உள்ளே கொண்டுவந்தால், முதல் நாலைந்து வாரம் சாலையில் வெறும் நடை. பார்க்கிறவர்களுக்குச் சோம்பலாகத் தெரியும், எலும்பும் தசைநாணும் கெட்டிப்படுவது அப்போதுதான். பிறகு சில வாரம் ட்ராட் என்னும் துள்ளுநடை, கேன்டர் என்னும் மெதுவான ஓட்டம், அதன் பிறகே மேட்டில் வேகப் பாய்ச்சல். அவசரக்காரன் நடை வாரங்களைத்தான் குறைப்பான், அதன் விலை நவம்பரில் தெரியும்.

தினமும் காலையில், குதிரை வெளியே போகுமுன், முன்னங்காலின் பின்பக்கத்தை முழங்காலிலிருந்து கீழே விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டு காலையும் ஒப்பிட வேண்டும். ஒன்றில் மட்டும் லேசான சூடு என்றால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது, குளிர்ந்த தண்ணீர்தான். "நொண்டவில்லையே" என்று ஓட்டினால் தசைநாண் கிழியும். தேற ஒரு வருஷம் ஆகும், பழைய பலம் வருவதும் நிச்சயமில்லை. தீனியில் பெரிய தப்பு ஓய்வு நாளில் நடக்கும். ஓட்டம் இல்லாத நாளில் ஓட்ஸைப் பாதியாகக் குறைக்காவிட்டால் மறுநாள் இடுப்புச் சதை கல்லாக இறுகும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும், குதிரை ஓர் அடி எடுத்து வைக்காது. அந்த நேரத்தில் நடக்கவைப்பது மகாபாவம். நின்ற இடத்திலேயே போர்த்திவிட்டு வைத்தியரைக் கூப்பிட வேண்டும்.

வின்டர் இந்தப் பாதியையும் கற்றார். 1965இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஜே டிரம்ப் என்ற குதிரை, 1966இல் பந்தயக்காரர்கள் 50க்கு 1 கொடுக்கும் அளவு யாரும் மதிக்காத ஆங்லோ, அடுத்தடுத்து இரண்டு கிராண்ட் நேஷனல். எட்டு முறை சாம்பியன் ட்ரெயினர். பூலா, லான்சரோட், மிட்நைட் கோர்ட் என்ற பேர்பெற்ற குதிரைகள் எல்லாம் அந்த லாயம்தான். நஷ்டமும் அங்கேதான்: 1977 செல்ட்னம் விழாவில் பூலா விழுந்து தோள் அடிபட்டது, பிறகு பிழைக்கவில்லை, அதே விழாவில் லான்சரோட்டுக்குக் கால் முறிந்தது.

1973 வேறு மாதிரி வலி. மார்ச்சில் கோல்டு கப்பில் அவருடைய குதிரை பெண்டில் மயிரிழையில் தோற்றது, ஜெயித்தது பக்கத்து லாயத்துக் குதிரை டிக்ளர். அதே மாதக் கடைசியில் கிராண்ட் நேஷனலில் அவருடைய இன்னொரு குதிரை கிரிஸ்ப் 12 ஸ்டோன் சுமந்தது, ஏறக்குறைய 76 கிலோ. போட்டிக்கு வந்த ரெட் ரம் சுமந்தது அதைவிடப் பத்துக் கிலோ குறைவு. கடைசி வேலியை வெகுதூரம் முன்னால் தாண்டிய கிரிஸ்ப், முடிவுக்கோட்டில் ரெட் ரம்மிடம் முக்கால் குதிரை நீளத்தில் தோற்றது. எட்டு வருஷம் முன்பு ஜே டிரம்ப் ஜெயித்ததும் அதே முக்கால் நீளம்தான். எடைதான் தோற்கடித்தது என்பார்கள், எனக்கும் அதில் ஆட்சேபமில்லை. ஆனால் ஓட்டின ரிச்சர்ட் பிட்மனே ஒரு தப்பை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

உன் பேரனிடம் சொல்லி அந்த ஓட்டத்தின் படத்தைப் போடச் சொல். கடைசி வேலிக்குப் பிறகு தடம் வலப்பக்கம் வளைய வேண்டும். பிட்மன் சாட்டைக்காக வலது கையை வாரிலிருந்து எடுக்கும் அந்த ஒரு நொடியில், களைத்த குதிரை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
ராமு